ஒட்டப்பட்ட பெயர்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

சிறு வயதிலிருந்து உங்களைக் குறித்துப் பிறர் திரும்பத் திரும்பச் சொன்ன சொற்களை, 'கூச்ச சுபாவம்', 'அடக்கமான பெண்', 'அழாத பையன்' என அவர்கள் சொன்னபடியே முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைச் சொன்னவர் யார், அப்போது நீங்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் குறியுங்கள். செயலையும் அதற்கு இடப்பட்ட பெயரையும் தனித்தனியே பார்ப்பதுதான் இதில் கடினமான பகுதி. 1976இல் ஜான் காண்ட்ரியும் சாண்ட்ரா காண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், பெட்டியிலிருந்து துள்ளியெழும் பொம்மையைக் கண்டு கலங்கிய குழந்தையின் படக்காட்சியைப் பார்த்தவர்களுள், அதை ஆண் என்று நம்பியவர்கள் கோபத்தையும், பெண் என்று நம்பியவர்கள் அச்சத்தையும் காண முற்பட்டனர். (கலங்கியது என்னவோ ஒரே குழந்தைதான்.)

அடுத்து, யாரும் பார்க்காதபோதும் அந்தச் சொல்லுக்கேற்ப நடப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். ஆம் எனில், அது உங்களுடையதாகவே இருக்கலாம். எல்லாப் பெயர்களையும் உதறித்தள்ள வேண்டும் என்பது என் கருத்தன்று. தம் பாலின அடையாளத்துக்குத் தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு அது ஆறுதலாகவும், தம்மைப் போன்றோரைக் கண்டடையும் வழியாகவும் அமைவதுண்டு.

உடன்பாடில்லாத சொல்லை ஒருவர் மீண்டும் பயன்படுத்தினால், வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், எப்படி அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பாதுகாப்பில்லாத சூழலில் இதைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை.