பழைய இசைத்தட்டைக் கழுவும் முன்

பரணிலிருந்து எடுத்த தட்டின் வேகத்தை முதலில் பாருங்கள். லேபிளில் 78 (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்றிருந்து, கையில் கனத்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. 33⅓, 45 என்றால் வினைல் என்ற பிளாஸ்டிக். இது தெரியாமல் துடைத்துத்தான் பலர் நல்ல தட்டைப் பாழாக்குகிறார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். அதில் ஸ்பிரிட், சானிடைசர் படவே கூடாது.

வினைலுக்கு 200 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு போதும். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும் (ஆசிட் கேனைத் தூக்கி வந்துவிடாதீர்கள்!). போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்தபின் உப்பு வரிப்பள்ளத்தில் தங்கி, பாட்டு முழுக்கப் படபடவென்று பொரியும்.

மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே இழுத்தால் மணல்துகள் கீறிவிடும். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை துடைத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். வெயில் பட்டால் வினைல் வளையும்.

அரக்குத் தட்டை ஈரத்துணியால் ஒற்றி உடனே உலர்த்துங்கள். விரிசல் இருந்தால் ஈரமே வேண்டாம்.

அடுத்து ஊசி. எல்பி (33⅓ வினைல் தட்டு) ஊசி முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-க்கு 75 வேண்டும். சின்ன ஊசி அகலமான பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் உழும், இரைச்சல்தான் மிஞ்சும். ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்பதும் தப்பு. கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பாகம்) சொன்ன அளவுக்குக் கீழே போனால் ஊசி துள்ளித் துள்ளிப் பள்ளத்தின் சுவரைக் கொத்தும்.