செயின் டிராக்டரில் புஷ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவுசிங் (ஷாஃப்டைத் தாங்கும் உறுப்பு) துளைக்குள் பொருத்தி, ஷாஃப்ட் அதனுள் சுற்றும்படி விடும் உலோகக் குழல்தான் புஷ். சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும், 1930, 40களில் வந்த செயின் டிராக்டர்களில் புஷ் இல்லாத மூட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிஸ்டன் பின், என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், ஸ்டியரிங் கிளட்ச் லீவர், பெடல் ஷாஃப்ட் என்று வரிசையாக வரும். பல மாடல்களில் செயின் மேல் உருளும் டிராக் ரோலரும், செயினை முன்னால் தாங்கும் ஐட்லர் சக்கரமும்கூட புஷ்ஷில்தான் சுற்றுகின்றன. பெரும்பாலானவை கன்மெட்டல், அதாவது வெண்கலம். செயின் மூட்டில் இருப்பது மட்டும் மேற்பரப்பைக் கடினமாக்கிய எஃகு. தேய்வதற்கென்றே வைத்த உதிரிதானே, பழசைத் தட்டி எடுத்துப் புதுசைத் தட்டி ஏற்றினால் போதும் என்ற நினைப்பில்தான் பாதி வேலை கெடுகிறது.

ஷாஃப்டை அளக்காமல் விடுவது

ஆட்டம் இருந்தால் பழி புஷ்ஷின் மேல்தான் விழும். ஆனால் மண்ணும் மணலும் மென்மையான கன்மெட்டலில் பதிந்துகொண்டு, உப்புத்தாள் மாதிரி ஷாஃப்டைத் தேய்க்கும். புஷ்ஷைவிட ஷாஃப்ட் அதிகம் தேய்ந்திருப்பது அபூர்வம் அல்ல. அதுவும் சுமை விழும் பக்கம் மட்டும் தேய்வதால், ஷாஃப்ட் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும்.

மைக்ரோமீட்டரால் ஓர் இடத்தில் அளந்தால் இது தெரியாது. புஷ் உட்காரும் நீளத்தில் மூன்று இடம், ஒவ்வொன்றிலும் 90 டிகிரி திருப்பி இரண்டு அளவு என்று மொத்தம் ஆறு அளவு எடுக்க வேண்டும். புஷ் தொடாத ஓரத்தில் அசல் அளவு அப்படியே இருக்கும், அதோடு ஒப்பிடலாம். ஒரு பக்கம் 31.75 மி.மீ., குறுக்கே 31.60 என்று வந்தால், எந்தப் புது புஷ்ஷும் அதைச் சரிசெய்யாது. பெரிய அளவுக்குப் பொருத்தினால் மறுபக்கம் 0.15 மி.மீ. ஆட்டம் முதல் நாளே வந்துவிடும். ஷாஃப்டை வட்டமாக கிரைண்ட் செய்து, அந்தக் குறைந்த அளவுக்கு புஷ் கடைந்துகொள்வதே வழி. அல்லது ஷாஃப்டைப் புதிதாகச் செய்யலாம்.

ஹவுசிங்கையும் இதே முறையில் அளக்க வேண்டும். பழைய புஷ் எப்போதாவது ஹவுசிங்குக்குள் சுற்றியிருந்தால் துளை பெருத்துப் போயிருக்கும். உள்ளே பஞ்ச் வைத்துப் புள்ளி குத்துவதும், தகர டப்பாவை வெட்டிச் சுற்றி ஏற்றுவதும் ஒப்பேற்றும் வேலை. கொஞ்ச நாளில் புள்ளிகள் மழுங்கி, புஷ் மறுபடி சுற்றும். துளையை வட்டமாகக் கடைந்து, வெளி விட்டம் கூடிய புஷ் போடுங்கள்.

அங்குல மெஷினுக்கு மி.மீ. புஷ்

அந்தக் கால அமெரிக்க டிராக்டர்கள் எல்லாம் அங்குலக் கணக்கு. 1¼ அங்குலம் என்பது 31.75 மி.மீ. 'கிட்டத்தட்ட அதே அளவு' என்று 32 மி.மீ. புஷ் வாங்கினால் 0.25 மி.மீ. ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகும். 1½ அங்குலம் 38.10 மி.மீ.; 38 மி.மீ. புஷ்ஷில் அந்த ஷாஃப்ட் நுழையாது. அப்போது ஷாஃப்டில் எமரித் தாளைப் போட ஆரம்பிப்பார்கள். மேனுவலில் 0.001 அங்குலம் என்று இருந்தால் அது சுமார் 0.025 மி.மீ. என்பதை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே அளவுமுறையில் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் கன்மெட்டல் இல்லை

பித்தளைக் கம்பியைக் கடைந்து போட்டால் பார்க்க அழகாக இருக்கும், சீக்கிரம் தேயும். இந்த வேலைக்குப் பழகிய உலோகம் எஸ்ஏஈ 660 என்ற தர எண் கொண்ட வெண்கலம்: செம்பு 83, வெள்ளீயம் 7, ஈயம் 7, துத்தநாகம் 3 சதவீதம். உள்ளே போன மண்ணை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். கிரீஸ் ஒரு நாள் தவறினாலும் ஷாஃப்டைக் கடித்துப் பிடிக்காது. அலுமினியம் கலந்த வெண்கலம் இதைவிடக் கடினம், ஆனால் ஷாஃப்டும் கடினமாக இருந்தால்தான் அதைப் போட வேண்டும். மென்மையான பழைய ஷாஃப்டை அது தின்றுவிடும்.

எண்ணெய் ஊறவைத்த பொடி உலோக புஷ் கவர்னர், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற இடங்களுக்குச் சரி. அதை ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் வெட்டுக்கருவி) போட்டு அகலமாக்கினால் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வெளியே வராது. ஐட்லர் மாதிரி அதிர்ச்சி தாங்கும் இடத்துக்கு அது ஆகாது.

கழற்றும்போது ஹவுசிங்கை உடைப்பது

இந்த டிராக்டர்களில் ஹவுசிங் பல இடங்களில் வார்ப்பிரும்பு. பின்னால் தாங்கல் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தால் ஹவுசிங்கின் காது உடைந்து கையோடு வரும். கேஸ் வெல்டிங் நெருப்பை ஒரே இடத்தில் காட்டினாலும் விரிசல் விடும்.

ஆக்ஸா பிளேடைத் துளைக்குள் நுழைத்து, பிறகு ஃபிரேமில் மாட்டி, புஷ்ஷின் நீளவாக்கில் ஒரு வெட்டு போடுங்கள். ஹவுசிங்கைத் தொடுவதற்கு முன் காகிதக் கனம் மிச்சமிருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். அந்த வெட்டில் சின்ன உளியை வைத்து உள்பக்கமாக மடக்கினால் புஷ் சுருங்கிக் கையில் வரும். மறுபக்கம் மூடிய துளை என்றால், உள்ளே கிரீஸை நிறைத்து, இடைவெளியே இல்லாமல் பொருந்தும் கம்பியை விட்டு அடிக்கலாம். கிரீஸ் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளிக்கொண்டு வரும். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் துளையை முதலில் அடைக்க மறந்தால் கிரீஸ் முகத்தில்தான் அடிக்கும்.

அழுத்தி ஏற்றியபின் உள்துளை சுருங்கும்

நல்ல லேத்காரர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் இது. புஷ்ஷின் வெளி விட்டம் ஹவுசிங் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு அங்குல விட்டத்துக்கு 0.001 அங்குலம் என்பது பொதுக்கணக்கு. 40 மி.மீ. புஷ்ஷுக்கு 0.04 மி.மீ. கனமான ஹவுசிங் விரிந்து கொடுக்காது. அந்த 0.04 கிட்டத்தட்ட முழுவதும் உள்விட்டத்தில்தான் குறையும். மேஜையில் வைத்துப் பார்த்தபோது 0.05 இடைவெளியோடு வழுக்கி ஓடிய ஷாஃப்ட், ஏற்றியபின் இறுகி நிற்பது இதனால்தான்.

எனவே கடையும்போது உள்விட்டத்தை 0.1 முதல் 0.15 மி.மீ. குறைவாக விட்டு, ஏற்றியபின் ரீமர் அல்லது ஹோனிங்கில் (கல்லால் உள்ளே தேய்த்து எடுப்பது) இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். மெதுவாகத் திரும்பும் 32 மி.மீ. லீவர் ஷாஃப்டுக்கு 0.05 முதல் 0.10 மி.மீ. இடைவெளி போதும். பிஸ்டன் பின்னுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது மிக நெருக்கமான பொருத்தம். மேனுவல் சொல்வதுதான் அளவு.

ஏற்றுவதற்குச் சுத்தியல் வேண்டாம்; நீளமான ஒரு போல்ட், இரண்டு கனமான வாஷர், ஒரு நட் போதும். இறுக்க இறுக்க நேராக உள்ளே போகும். முனையில் 15 டிகிரி சரிவாக 1.5 மி.மீ. சேம்ஃபர் இல்லாவிட்டால் ஓரம் சீவிக்கொண்டு, கோணலாக இறங்கும். புஷ்ஷை முந்தின இரவே ஃப்ரீஸரில் வைத்தால், 40 மி.மீ. விட்டத்தில் சுமார் 0.03 மி.மீ. சுருங்கும். ஹவுசிங்கையும் சீராக 100 டிகிரிக்குச் சூடாக்க முடிந்தால் பாதி நேரம் கையாலேயே இறங்கிவிடும். இறங்க ஆரம்பித்ததும் நடுவில் நிறுத்தக் கூடாது, குளிர் போய்ப் பாதியில் பிடித்துக்கொள்ளும்.

ஒரே ஷாஃப்டுக்கு இரண்டு புஷ் என்றால் தனித்தனியாக ரீமர் போடுவது தவறு. ஒன்றின் வழியாக வழிகாட்டி விட்டு இரண்டையும் ஒரே கோட்டில் சீவ வேண்டும். ரீமரை வெளியே எடுக்கும்போதும் வெட்டும் திசையிலேயே திருப்புங்கள்; பின்னோக்கித் திருப்பினால் விளிம்பு மழுங்கும், துளையில் கோடு விழும்.

கிரீஸ் துளை

புஷ்ஷின் துளை ஹவுசிங் துளைக்கு நேராக வராமல் போனால் கிரீஸ் கன் இறுகி நிற்கும், ஷாஃப்ட் வறண்டு ஓடும். ஏற்றுவதற்கு முன் இரண்டின் முகப்பிலும் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். ஏற்றியபின் துளை போட்டால், உள்பக்கப் பிசிறை எடுத்து, உலோகச் சுருளெல்லாம் வெளியே வரும்வரை கழுவ வேண்டும். கிரீஸ் பள்ளத்தைச் சுமை விழாத பக்கம் வெட்டுங்கள். ஓரம்வரை கொண்டுபோகாமல் 4, 5 மி.மீ. முன்பே நிறுத்தாவிட்டால் கிரீஸ் நேராக வெளியே ஓடிவிடும். தகட்டைச் சுருட்டிச் செய்த புஷ்ஷில் இணைப்புக் கோடும் அதே சுமையில்லாத பக்கம்தான் இருக்க வேண்டும்.

செயின் புஷ்

பழைய செயின்கள் எண்ணெய் இல்லாமல் வறண்டு ஓடுபவை. 'சத்தம் வருகிறதே' என்று எண்ணெய் விட்டால் மண்ணைச் சேர்த்து அரைக்கும் பசையாகிவிடும். இழுப்பு ஒரே பக்கம் என்பதால் லிங்க்குகளைக் கோக்கும் பின்னும் அதன் மேல் உள்ள புஷ்ஷும் ஒரு பக்கமே தேயும். 180 டிகிரி திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். கடின மேற்பரப்பு தேய்ந்து முடிவதற்கு முன் இதைச் செய்தால்தான் பலன். செயினை இறுக்கமாக இழுத்து வைத்து நாலு லிங்க்கை அளந்து நாலால் வகுத்தால் தேய்மானம் தெரியும். செயினைப் பிரிக்கவும் பூட்டவும் வைத்த மாஸ்டர் பின் உள்ள இடத்தைச் சேர்க்காதீர்கள். மாஸ்டர் புஷ் மற்றவற்றைவிடக் குட்டை. அந்த இடத்தில் சாதாரண புஷ் போட்டால் லிங்க் மூடாது. நெருப்புக் காட்டிப் பின்னை எடுத்தால் லிங்க்கின் கடினம் போய்விடும், பின்னை அழுத்தி எடுக்கும் டிராக் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொடுப்பது மேல். ஐட்லரைக் கழற்றும்போது அதை முன்னால் தள்ளிப் பிடிக்கும், பின்னாலுள்ள ரீகாயில் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். டன் கணக்கில் அழுத்தி வைத்திருக்கும் அது ஆளைக் கொல்லும்.

பூட்டி முடித்ததும், இரண்டு ஓரத்திலும் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பள்ளம் அடைபட்டிருக்கிறது அல்லது ஷாஃப்ட் சாய்ந்திருக்கிறது. முதல் சில மணி ஓட்டத்தில் கிரீஸில் மினுமினுவென்று பொடி தெரிவது இயல்பு. செதிலாக வந்தால் ஓட்டாமல் நிறுத்தி, அந்த மூட்டைக் கழற்றிப் பாருங்கள்.