நமீபியாவில் வண்டி ஓட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நமீபியாவை மூன்று முறை வண்டி ஓட்டிச் சுற்றியவன் என்பதால், புதிதாகப் போகிறவர்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, "ஒரு பார்வை பாருங்க" என்பார்கள். போன வாரம் ஒருவர் அனுப்பியதைத் திறந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பத்து நாளில் தலைநகர் விண்ட்ஹூக், சோசுஸ்ஃப்ளே மணல்மேடுகள், கடலோர ஸ்வாகோப்முண்ட், வடக்கே எட்டோஷா விலங்குப் பூங்கா, தெற்கே லூடரிட்ஸ் வரைக்கும். எங்கேயும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கல் இல்லை. முதல் முறை நான் போட்ட திட்டம் இதேதான்.

தண்ணீர் நிறைய வேண்டும், தொப்பி வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

கிலோமீட்டரை வைத்து நாளைக் கணக்குப் போடுவது

சுமார் 8,25,000 சதுர கிலோமீட்டர் நாடு. 2023 கணக்கெடுப்பின்படி மக்கள் 30 லட்சம் பேர்தான். சதுர கிலோமீட்டருக்கு நாலு பேர்கூடத் தேறாத ஊரில் எல்லா இடத்துக்கும் தார் போட முடியாது. 'பி' என்று தொடங்கும் சாலைகள் தார்ச்சாலைகள். 'சி' சாலைகளில் பெரும்பாலானவையும் 'டி' சாலைகளும் சரளைக்கல்தான். பாலைவனத்துக்குள் உங்களைக் கூட்டிப்போவது இந்தச் சரளைதான்.

அந்த முதல் பயணத்தில், சோசுஸ்ஃப்ளே பூங்காவின் வாசலான செஸ்ரீமிலிருந்து ஸ்வாகோப்முண்ட் போக வேண்டிய நாள். சுமார் 350 கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்று காலை முழுக்க மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். சி14 சாலை தகரக் கூரையைப் படுக்கப் போட்ட மாதிரி வரிவரியாக இருந்தது. நாற்பதில் போனால் பல் கிட்டிக்கிறது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆட்டம் குறைகிறது. தொண்ணூறில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்தை நம்பவே கூடாது. அந்த வேகத்தில் சக்கரம் வரிகளின் உச்சியை மட்டும் தொட்டுத் தொட்டுப் போகும், தரையில் பிடிப்பே இருக்காது. கடுகு கொட்டிய தரையில் ஓடுவதற்குச் சமம்.

வழியில் இருக்கும் சொலிட்டேர் என்ற சின்ன ஊரைத் தாண்டி ஒரு வளைவு. வண்டியின் பின்பக்கம் மெல்ல வெளியே நழுவியது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன், அதைத்தான் செய்திருக்கக் கூடாது. வண்டி அப்படியே சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி ஓரத்து மண்மேட்டில் இடித்து நின்றது. மனைவிக்கும் எனக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்க டயரின் பக்கவாட்டைக் கல் கிழித்திருந்தது. ஸ்டெப்னியை வண்டிக்கு அடியிலிருந்து இறக்குவதற்கே அரை மணி நேரம். ஜாக்கியை வைத்துச் சுற்றினால் வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது. முக்கால் மணி நேரம் கழித்து முதல் வண்டி வந்தது. அதில் வந்த பெரியவர் எதுவும் கேட்காமல் பின்னாலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து ஜாக்கிக்கு அடியில் வைத்தார். ஐந்தே நிமிடத்தில் டயர் மாறிவிட்டது.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது, ஓட்டினோம். விளக்கு வெளிச்சத்தில் திடீரென்று ஓரிக்ஸ் மான் ஒன்று சாலை நடுவில் நின்றது, நீளக் கொம்போடு, எருமைக்கன்று அளவு உடம்போடு. பத்தடி முன்னால் வண்டி நின்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் கை வியர்க்கிறது.

இதைச் சொன்னால், "நான் பதினஞ்சு வருஷமா கார் ஓட்டுறேன் சார்" என்று பதில் வருகிறது. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். தார்ச்சாலையில் வந்த அனுபவம் சரளையில் உங்களை ஏமாற்றும். எதிரே இன்னொரு வண்டியே இல்லாமல், தானாகக் கவிழ்ந்து சாகிறவர்கள் இருக்கிறார்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் அப்படிக் கவிழ்வதற்குக் காப்பீடும் கிடையாது. டயருக்கும் கண்ணாடிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

போன் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். சரளையில் சராசரி மணிக்கு 60 என்று வையுங்கள், 'டி' சாலையானால் 50. எந்த இடத்திலும் 80-ஐத் தாண்ட வேண்டாம். சரளையில் ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓர் ஊரைக் குறையுங்கள்.

இரண்டாம் முறை நாங்கள் லூடரிட்ஸையும் எட்டோஷாவையும் விட்டுவிட்டோம். செஸ்ரீமில் மூன்று ராத்திரி. அக்டோபர் மாதம். சூரியன் இறங்கியதும் தரையிலிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம், ஒரு பக்கம் நின்றால் இன்னொரு பக்கம். மணல்பல்லி. ஆண் பல்லி வளை வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு துணையைக் கூப்பிடுகிறது. டார்ச்சை அணைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டோம். இந்த நாட்டின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். முதல் முறையும் இதே இடத்தில்தான் தங்கியிருந்தோம். அலுப்பில் ஏழு மணிக்கே தூங்கிப்போனோம்.

ஒரே ஒரு ஸ்டெப்னி

போதாது. இரண்டு கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு பலகை.

அடுத்த பெட்ரோல் பங்கில் போட்டுக்கொள்ளலாம் என்பது

பாதி டேங்க் இறங்கினாலே நிரப்புங்கள்.

பூங்காவுக்கு வெளியே அறை எடுப்பது

சோசுஸ்ஃப்ளேயை விடியலில் பார்க்க ஆசைப்பட்டால் செஸ்ரீம் வாசலுக்கு உள்ளேயே தங்குங்கள். வெளிவாசல் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும்; உள்ளே தங்குகிறவர்களுக்கு அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வழி விடுவார்கள். அங்கிருந்து 60 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும் என்பதால் அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம்.

பாலைவனம் என்றால் வெயில் மட்டும்தான் என்பது

ஜூன், ஜூலையில் ராத்திரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும். கம்பளி எடுங்கள். கடற்கரையில் பெங்குவேலா குளிர்நீரோட்டத்தால் காலையில் மூடுபனி. ஸ்வாகோப்முண்டில் பகலிலும் ஸ்வெட்டர் கழற்றாத நாள் உண்டு.

வடக்கிலிருந்து இறைச்சி கொண்டுவருவது

வடக்கே நாட்டின் குறுக்காக ஓடும் கால்நடை நோய்த் தடுப்பு வேலியைத் தாண்டித் தெற்கே பச்சை இறைச்சி வரக் கூடாது. சோதனைச்சாவடியில் எடுத்துவிடுவார்கள்.

காற்றைத் திரும்ப நிரப்பாமல் கிளம்புவது

சோசுஸ்ஃப்ளேயில் கடைசி ஐந்து கிலோமீட்டர் கனத்த மணல். நாலு சக்கர இயக்கம் இல்லாத வண்டி என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஏற்றிப்போகும் வண்டியில் போங்கள். உங்கள் வண்டியிலேயே போவதானால் டயரில் காற்றை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து தார் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, நாலு டயருக்கும் காற்று அடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். காற்றில்லாத டயரோடு வேகம் எடுத்தால் சூடேறி வெடிக்கும். கம்ப்ரஸர் வேலை செய்கிறதா என்று விண்ட்ஹூக்கில் வண்டி எடுக்கும்போதே போட்டுப் பாருங்கள்.