மீன் தொட்டித் தண்ணீர் கலங்கினால் முதலில் ஒரு டம்ளரை எடுங்கள்

தண்ணீர் கலங்கியதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். மீனை வாளியில் பிடித்துப் போட்டுவிட்டு, கல், மணல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது. இரண்டு நாள் பளிச்சென்று இருக்கும், மூன்றாம் நாள் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நானும் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை இப்படித்தான் வீணாக்கினேன், இடையில் நாலைந்து தங்கமீனும் போனது. அத்தனை தடவையும் கலங்கலுக்குக் காரணம் நான் கழுவியதேதான்.

எதையும் வாங்குவதற்கு முன், கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். வெண்மையா, பச்சையா, மஞ்சளா, அல்லது அரை மணி நேரத்தில் அடியில் தூசு படிகிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

தூசு படிந்தால் புது மணலைத் தொட்டியில் போடும் முன் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். வாளியில் போட்டு, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும், பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். சோப்பு மட்டும் வேண்டாம்.

வெண்மைதான் பெரும்பாலானோரின் தலைவலி. அது அழுக்கு இல்லை, தண்ணீரில் திடீரென்று பெருகிய பாக்டீரியா. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அமோனியா ஆகும், அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியா வேறு வகை. அவை ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வளரும், புதுத் தொட்டியில் அவை நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவினால் அவை செத்துப்போய், மறுபடி முதலிலிருந்து. அதனால் பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு மக் தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்து திருப்பிப் போடுங்கள், பழுப்பு நிறம் போகாவிட்டாலும் பரவாயில்லை. புதுத் தொட்டி என்றால், மீன் நோயில்லாமல் வளர்க்கும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லோ பழைய பஞ்சில் ஒரு துண்டோ கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கும் பாக்டீரியா பாட்டிலைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

அப்புறம் தீனி. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும். தங்கமீன் எப்போது பார்த்தாலும் பசிக்கிற மாதிரிதான் வாயைத் திறக்கும், அதை நம்பாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது.

ஃபில்டருக்கும் அதிகம் செலவு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, நடுவில் கொஞ்சம் வயரிங் பைப்பை நிறுத்துங்கள். பைப்பின் அடிமுனையில் ஹாக்ஸா பிளேடால் நாலைந்து கீறல் போட வேண்டும், மேல்முனை பாட்டிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பைப்பைச் சுற்றிப் பாதி உயரம் வரை கழுவிய சிறு கல், அதற்கு மேல் தலையணையில் அடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சு. இலவம்பஞ்சு ஆகாது, அது அழுகும். ஏர் பம்ப் டியூபைப் பைப்புக்குள் அடிவரை இறக்கிவிட்டால், குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து தண்ணீர் பஞ்சு வழியாக இறங்கும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து பம்பையும் தரையையும் நனைத்துவிடும். (எங்கள் வீட்டில் அது நடந்தது ராத்திரி 2 மணிக்கு.)

பச்சை என்றால் பாசி. ஜன்னல் வெயில் படுகிறதா என்று பாருங்கள், விளக்கை ஆறேழு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். முற்றிப்போயிருந்தால் நாலு நாள் பழைய போர்வையால் தொட்டியை முழுக்க மூடுங்கள், பம்ப் மட்டும் ஓடட்டும். திறந்ததும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது முக்கியம், செத்த பாசி அழுகினால் வேறு தொல்லை. திரும்பி வராமல் இருக்க ஒரு மணி பிளான்ட் கொடியை வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்கவிடுங்கள், பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். இலை மூழ்கினால் அழுகிவிடும்.

மஞ்சள் பெரும்பாலும் மரக்கட்டையின் சாயம், மீனுக்குக் கெடுதல் இல்லை. பிடிக்காவிட்டால் கட்டையை வேகவைத்து ஊறப்போட்டுப் பிறகு வையுங்கள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தாலும், பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்டதும் பழுப்பேறும். ராத்திரி முழுக்க வாளியில் காற்று விட்டு, பம்பை நிறுத்தித் தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுக்கலாம்.

படிகாரம் போடலாமா என்று கேட்காத ஆளே இல்லை. போட்டால் தெளியும், உண்மைதான். ஆனால் அது தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டும், அதில் இருக்கும் அலுமினியம் மீனின் செவுளுக்கு ஆகாது. குடிதண்ணீர்க் குடத்தோடு அது நிற்கட்டும்.

வாராவாரம் செய்ய வேண்டியது தண்ணீர் மாற்றுவது ஒன்றுதான், அதுவும் கால் பங்கு. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் 56 லிட்டர் பிடிக்கும், அதில் கால் பங்கு என்றால் ஒரு வாளிக்குக் கொஞ்சம் குறைவு. டியூபை மணலுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து, மீன் கழிவு கிடக்கிற மூலைகளிலிருந்து உறிஞ்சி எடுங்கள். ஊற்றப்போகும் தண்ணீரை முந்தின நாளே அகலமான வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரம் என்றால் 10 லிட்டருக்குக் கல் உப்பு அளவில் ஒரு துண்டு ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் உப்பு) போட்டுக் கலக்கிவிடுங்கள், மீன் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். எடுத்த அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், எங்கள் மாடிக் கறிவேப்பிலை அதில்தான் வளர்கிறது.