இருபது கிராமுக்குள் ஒரு செய்திமடல்

மன்றத்துக்குச் செய்திமடல் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்துப் படத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் தராசு. சாதாரணத் தபாலில் ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபாய்; மடல் 21 கிராம் இருந்தால் 10 ரூபாய் ஸ்டாம்ப். 300 உறுப்பினர்கள் இருந்தால் அந்த ஒரு கிராம் ஒவ்வொரு இதழுக்கும் 1,500 ரூபாயைத் தின்றுவிடும்.

கணக்கு எளிது. 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) ஏ3 தாள் ஒன்று 10 கிராம். எட்டுப் பக்க ஏ4 மடலுக்கு இரண்டு ஏ3 தாள், அதாவது 20 கிராம். அதன்மேல் லேபிள், பின், மை ஏறினால் எல்லை தாண்டிவிடும். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடிப்பதும் சேரும். அதனால் 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத்தாளைக் கேளுங்கள், இரண்டு தாளும் சேர்ந்து பதினேழரை கிராம்தான். கவர் வேண்டாம், கவரே நாலைந்து கிராம் வரும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் ஆசை வந்தால் ஆண்டு மலருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்கும் முன் தபால் கவுன்டரில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

பத்திரிகைகளுக்கான சலுகைக் கட்டணம் நமக்குக் கிடைக்காதா என்று பொருளாளர் கட்டாயம் கேட்பார். அதற்குப் பத்திரிகைப் பதிவும் வேண்டும், தபால் துறையின் தனிப் பதிவும் வேண்டும். முந்நூறு பிரதிக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வர வேண்டும். இரண்டு வெற்றுத்தாளை மடித்து ஒரு டம்மி செய்து, பக்க எண் எழுதிப் பிரித்துப் பாருங்கள்: வெளித்தாளில் 8-1, அதன் பின்புறம் 2-7, உள்தாளில் 6-3, பின்புறம் 4-5. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு. டிஜிட்டல் மெஷினில் இரண்டு பக்கமும் அடிக்கும்போது குறுகிய ஓரத்தில் திருப்பும்படி சொல்லுங்கள். நீள ஓரத்தில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும். முந்நூறுக்குள் டிஜிட்டல் போதும். ஐந்நூறைத் தாண்டினால் தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட் விலையும் கேட்டுப் பாருங்கள். எப்படியும் பத்துப் பிரதி கூடுதலாக அடியுங்கள்.

எட்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விடுங்கள். முதல் பக்கம் உள்ளே போகும்படி மடலைக் குறுக்கே மடித்தால் அந்தப் பாதி வெளியே ஒரு முழுப் பக்கமாகத் தெரியும். முகவரி, ஸ்டாம்ப், ‘பட்டுவாடா ஆகாவிடில் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி’ மூன்றும் அங்கேதான்.

இனி எழுத்து. உறுப்பினர்களில் அறுபது தாண்டியவர்கள் அதிகம் இருந்தால் 12 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள். நீங்கள் யூனிகோடில் தட்டி அனுப்புவதை டி.டி.பி. கடையில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். சில எழுத்துருக்களில் ‘ள’வும் ஔகாரத்தின் பின்பகுதியும் ஒரே வடிவம். ஆகவே பழைய இதழிலிருந்து எதையாவது யூனிகோடுக்குத் திருப்பி எடுக்கும்போது ‘கௌரி’ என்பது ‘கெளரி’ ஆகும். ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ ஆகும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வரி முடிவில் ‘கெ’ மேலேயும் ‘ளரி’ கீழேயும் உடையும்போதுதான் குட்டு வெளிப்படும். ‘தெளிவு’, ‘வெள்ளி’ போன்றவையும் இருப்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றவும் முடியாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தால் அதிலுள்ள ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற அமைப்பு போடப்படவில்லை என்று அர்த்தம்.

ப்ரூஃபைத் தாளில் எடுத்து, ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். கட்டுரையில் பிழை இருந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இனிஷியல் தவறினால் வருவார்கள், அதுவும் இரங்கல் செய்தியில் தவறினால் பல வருஷம் பேசுவார்கள்.

படம் 8 சென்டிமீட்டர் அகலத்தில் வர வேண்டுமானால் ஏறக்குறைய 950 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

முகவரிப் பட்டியல் எக்செலில் இருக்கும். கதவு எண் 12/3 என்று தட்டினால் அது தேதியாக மாறி லேபிளில் ‘12-மார்ச்’ என்றோ ‘3-டிசம்பர்’ என்றோ அச்சாகும். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். பிறகு மாற்றினால் பழைய எண் திரும்ப வராது. வெளிமாநில முகவரிகளை ஆங்கிலத்தில் போடுங்கள். ஏ4-க்கு 24 வரும் ஸ்டிக்கர் தாள் இந்த வேலைக்குச் சரியான அளவு. முதலில் வெற்றுத்தாளில் அடித்து, ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பட்டியலைப் பின்கோடு வரிசையில் அடுக்கிவிட்டு லேபிள் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. முதல் மூன்று எண்தான் முக்கியம்: 600 சென்னை, 620 திருச்சி, 625 மதுரை, 641 கோவை. அந்த எண் வாரியாக, முகவரி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள்.

நடுமடிப்பில் பின் அடிக்க சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் வேண்டும். மடித்த மடலை மூடப் பின் போடாதீர்கள். பிரிக்கிறவர் தாளைக் கிழிப்பார், தபால்காரர் விரலையும் குத்தும். வட்ட ஸ்டிக்கர் ஒன்று போதும். முடிந்ததும் பத்துப் பிரதியை ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். 195 கிராமுக்குள் இருந்தால் நிம்மதியாக ஸ்டாம்ப் ஒட்டலாம்.

கூட்டத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் தபாலில் சேருங்கள். திரும்பி வரும் பிரதிகளைத் தூக்கிப் போடாதீர்கள். ‘வீடு மாறிவிட்டார்’, ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று தபால்காரர் எழுதியிருப்பதை அன்றைக்கே பட்டியலில் ஏற்றுங்கள். இரண்டு முறை திரும்பியவருக்கு மூன்றாவது ஸ்டாம்ப் ஒட்டும் முன் ஒரு போன் போடுங்கள்.