கேரம் கிளப்பில் தீவிரவாதம் பற்றிப் பேச்சு வந்தால் எப்படிப் பேசுவது

வியாசர்பாடியில் எங்கள் கேரம் கிளப்பில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். எங்கேயோ குண்டு வெடித்ததாக டிவியில் ஓடும், "எல்லாம் அமெரிக்காக்காரன் வளர்த்துவிட்டது" என்பார் ஒருத்தர், "அவங்க மதமே அப்படிப்பா" என்பார் இன்னொருத்தர், அப்புறம் ஆட்டம் அவ்வளவுதான்.

முதலில் கேள்வியை இரண்டாக வெட்டுங்கள். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக் குண்டு வைக்கும் அந்தக் கொள்கை எங்கே பிறந்தது? அதற்கு ஆளும் ஆயுதமும் எப்படிச் சேர்ந்தது?

முதலாவதற்கு எகிப்துக்குப் போக வேண்டும். நாசர் ஆட்சியில் 1954இல் சிறைக்குப் போன இஸ்லாமியச் சிந்தனையாளர் சையித் குத்ப், இன்றைய முஸ்லிம் ஆட்சிகளே இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலத்தில் இருக்கின்றன என்று எழுதினார், 1966இல் தூக்கிலிடப்பட்டார். அவர் கோபம் மேற்கு மீது மட்டும் இல்லை, சொந்த ஊர் ஆட்சியாளர்கள் மீதும்தான். அதனால் "எல்லாம் அமெரிக்கா" நிற்காது. மதம்தான் என்பவரிடம் 1991 ஸ்ரீபெரும்புதூரைக் கேளுங்கள், நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே மனித வெடிகுண்டு வெடித்தது, அதில் மதம் எங்கே இருந்தது?

இரண்டாவதில்தான் மேற்கு நாடுகள் மாட்டும். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொட்டியது. ஆனால் பின் லேடனுக்கு சிஐஏ சம்பளம் கொடுத்தது என்று யாராவது அடித்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போனது ஆப்கன் குழுக்களுக்கு, அதுவும் பாகிஸ்தான் உளவுத்துறை கைவழியாக. 1990இல் ஈராக் அதிபர் சதாம் குவைத்தைப் பிடித்தபின் அமெரிக்கப் படை சவூதியில் இறங்கியதுதான் பின் லேடனின் பெரிய ஆத்திரம்.

2003 ஈராக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். சதாமை விரட்டிய கையோடு, மே மாதம் ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கான பேர், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள், வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அந்த ராணுவத்தின் பழைய அதிகாரிகள் சிலர் பின்னாளில் ஐஎஸ் அமைப்பின் தளபதிகள் ஆனார்கள், 2014இல் ஈராக்கின் மொசூல் நகரமே அவர்கள் கையில் விழுந்தது. ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்துச் சிவப்பைப் போட்டுவிட்டு, மற்ற காயெல்லாம் எதிராளி பாக்கெட் ஓரம் போய் நின்றதைப் பார்க்காத ஆட்டம் அது.

கடைசியாக ஒன்று. மண்ணடியிலிருந்து ஆட வரும் பாய் பக்கம் திரும்பி "நீங்க என்ன சொல்றீங்க பாய்?" என்று எவனாவது கட்டாயம் கேட்பான். அந்தக் குண்டுகளில் செத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தான் என்று நீங்களே சொல்லிவிட்டு, ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளுங்கள். அவர் டர்ன்தான்.