குழல் இரண்டு, விலை ஒன்று: பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வாங்குவோர் செய்யும் தவறுகள்

ஓஹாயோவில் மான் வேட்டைக்கான துப்பாக்கி வாரம், தேங்க்ஸ்கிவிங் முடிந்த அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே எனக்குக் கைப்பேசியில் படங்கள் வரத் தொடங்கிவிடும். புதிதாக வேட்டைக்கு வரும் நம்மவர்கள், பெரும்பாலும் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், துப்பாக்கிச் சந்தையிலோ அடகுக் கடையிலோ ஒரு பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளைப் பார்த்திருப்பார்கள். "அண்ணா, இந்த விலைக்கு வாங்கலாமா?" என்று கேட்டால் பரவாயில்லை. பாதிப் பேர் வாங்கிய பிறகுதான் படம் அனுப்புகிறார்கள்.

ஒரு தோட்டாவைப் போட்டு, சுட்டு, திறந்து, அடுத்ததைப் போடும் எளிய துப்பாக்கி இது. பொறிநுட்பம் குறைவு, அதனால் விலையும் குறைவு. எளிமையாக இருப்பதாலேயே இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். துரு, விரிசல் விட்ட கட்டை, வளைந்த குறிமுனை ஆகியவை கண்ணுள்ள யாருக்கும் தெரியும். அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை.

எந்தச் சட்டகத்தில் எந்தக் குழல்?

சந்தையில் மலிவாக அதிகம் கிடைப்பவை ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், நியூ இங்கிலாந்து ஃபயர்ஆர்ம்ஸ் பெயர்களில் வந்த 'ஹாண்டி ரைஃபிள்'கள். நடுவில் மடிந்து திறக்கும் வகை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கார்ட்னர் நகரில் நீண்ட காலம் தயாரானவை. 2000-இல் மார்லின் நிறுவனம் வாங்கியது. சில ஆண்டுகளில் மார்லினையே ரெமிங்டன் வாங்கியது. 2015-இல் தயாரிப்பு நின்றது. நல்ல துப்பாக்கிதான். என் குறை துப்பாக்கியின் மீதல்ல, அதை விற்கும் விதத்தின் மீது.

குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். வேறொரு குழலை மாட்டிவிடலாம் என்று பார்க்கும் யாருக்கும் தோன்றும். நிறுவனமும் கூடுதல் குழல்களை விற்றது. ஆனால் விற்ற முறையைக் கவனியுங்கள். உரிமையாளர் தன் சட்டகத்தை, அதாவது விசையும் பூட்டும் இருக்கும் நடு உலோகப் பகுதியை, தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே புதிய குழலை அந்தச் சட்டகத்துக்கென்றே பொருத்தி, சரிபார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். காரணம், ஒவ்வொரு சட்டகமும் ஒரு மயிரிழை வித்தியாசப்படும். ஒரே அளவு எவர்சில்வர் டப்பாக்களின் மூடிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: சில இறுகும், சில ஆடும். டப்பா ஆடினால் ரசம் சிந்தும், அவ்வளவுதான். இங்கே ஆடுவது உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால்.

இதைவிடப் பெரிய விஷயம், சட்டகத்திலேயே இரண்டு வகை உண்டு. எஸ்பி1 என்பது பெரும்பாலும் ஷாட்கன்னுக்கானது (சிதறுகுண்டுத் துப்பாக்கி), எஸ்பி2 ரைஃபிளுக்கானது. வெளித்தோற்றத்தில் அண்ணன் எது தம்பி எது என்று சொல்ல முடியாது. 20 கேஜ் (ஷாட்கன் குழல் அளவுகளில் ஒன்று) தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12,000 பவுண்டு. .243 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு 60,000. ரைஃபிள் தோட்டாவின் அடிப்பரப்பு சிறியது என்பதால் பின்சுவரில் (தோட்டாவுக்குப் பின்னால் நிற்கும் சட்டகத்தின் முகம்) விழும் இடி ஐந்து மடங்கு ஆகிவிடாது என்று சிலர் வாதாடுவார்கள். ஐந்து மடங்கு ஆகாது, உண்மை. ஆனாலும் அந்தச் சட்டகம் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட சுமையைவிட அது நிச்சயம் அதிகம்.

கொலம்பஸில் இருக்கும் ஒரு தம்பி இந்த வலையில்தான் விழுந்தார். துப்பாக்கிச் சந்தையில் ஒருவர் மேசை மீது ஒரு சட்டகம், ஒரு 20 கேஜ் குழல், ஒரு .243 குழல் மூன்றையும் சேர்த்து வைத்து, ஒரு ரைஃபிளின் விலைக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். "எல்லாக் குழலும் எல்லாச் சட்டகத்திலும் உட்காரும்" என்ற உத்தரவாதமும் இலவசம். தம்பி வாங்கிவிட்டார். சுடுதளத்தில் சுட்ட காலித் தோட்டாக்கூடுகளை என்னிடம் காட்டியபோது பிரைமர்கள் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) அடிப்பாகத்தின் மட்டத்தைவிட வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கூட்டின் அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு பளபளப்பான வளையம். தோட்டா அறைக்குள் முன்னும் பின்னும் நகர இடம் இருக்கிறது, ஒவ்வொரு வெடிப்பிலும் கூடு இழுபட்டு மெலிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அடுத்த கட்டம் கூடு அந்த வளையத்தில் பிளந்து, வெடித்த மருந்தின் சூடான வாயு பின்னால் வருவது.

கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) முன்கட்டையைக் கழற்றியதும் எரிச்சலூட்டும் இன்னொன்றும் வெளிப்பட்டது. குழலின் அடியில், கீல் அச்சில் உட்காரும் வளைவுக்குள், குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய தகடு ஒன்று மடித்துச் செருகப்பட்டிருந்தது. தளர்ச்சியை மறைக்க யாரோ செய்த வேலை. தகட்டை எடுத்தவுடன் குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. சட்டகத்தில் இருந்த குறி எஸ்பி1. "இதில் ரைஃபிள் குழலைப் பொருத்தித் தர மாட்டேன்" என்று அவர் கைவிரித்துவிட்டார். அந்த .243 குழல் இன்று அலமாரியில் கிடக்கிறது. தம்பியிடம் இருப்பது ஒரு விலை உயர்ந்த 20 கேஜ் ஷாட்கன்.

இத்தகைய உதிரிக் குழல்கள் ஏன் இப்படிச் சந்தையெங்கும் அலைகின்றன? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது சட்டகம்தான். வரிசை எண் அதற்குத்தான், பின்னணிச் சோதனையும் அதற்குத்தான். குழல் வெறும் உதிரிபாகம். படிவம் இல்லாமல், அஞ்சலில்கூட வாங்கலாம். ஆகவே எந்தக் குழல் எந்தச் சட்டகத்தோடு பிறந்தது என்பதற்குப் பெரும்பாலும் எந்தத் தடயமும் இருக்காது. விற்பவர் வாய்ச்சொல்தான் ஆவணம்.

மேசை முன் நிற்கும்போது செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு சட்டகத்தின் குறியைப் படியுங்கள். எஸ்பி1 என்றிருந்து ரைஃபிள் குழல் மாட்டியிருந்தால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள். எஸ்பி2 என்றால் முன்கட்டையைக் கழற்ற அனுமதி கேளுங்கள்; ஒரே ஒரு திருகுதான். கீலின் வளைவுக்குள் தகடு, டேப், பசை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்சுவரையும் பூட்டு அமரும் படியையும் துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். அழுக்கு படிந்திருந்தாலே பூட்டு முழுதாக உட்காராமல், சுடும்போது துப்பாக்கி தானாகத் திறந்துகொள்ளலாம். மூடியபின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்து, குழலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். விற்பவர் கழற்ற விடவில்லை என்றால் அதுவே பதில்.

இவ்வளவும் தேறினாலும் முதல் தோட்டாவுக்கு முன் கன்ஸ்மித்திடம் ஹெட்ஸ்பேஸ், அதாவது அறையில் தோட்டாவுக்கும் பின்சுவருக்கும் இடையே உள்ள இடம், அளக்கச் சொல்லுங்கள். அறைக்குள் கோ, நோ-கோ என்ற இரண்டு அளவுகோல்களை வைத்துப் பார்க்கும் சிறு வேலைதான். அந்தக் கூலியையும் சேர்த்ததே துப்பாக்கியின் விலை.

தாம்ப்சன் சென்டரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வது

"என் நண்பர் நிமிடத்தில் குழல் மாற்றுகிறாரே" என்பார்கள். அவரிடம் இருப்பது தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் கன்டென்டராகவோ என்கோராகவோ இருக்கும். வாரன் சென்டர் வடிவமைத்து 1967-இல் வந்த கன்டென்டர், குழல் மாற்றுவதற்கென்றே பிறந்தது. அதிலும் கன்டென்டர் குழல் என்கோரில் சேராது. கைத்துப்பாக்கிக் குழல்களும் இவற்றுக்கு உண்டு என்பதால் இன்னொரு கண்ணி: தோள்கட்டை மாட்டிய நிலையில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலைப் பொருத்தினால், அது தனிப்பதிவு தேவைப்படும் குறுங்குழல் ரைஃபிள் ஆகிவிடும். இந்தக் கன்டென்டர் உதிரிபாகப் பெட்டியை வைத்தே 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போனது. நிறுவனம் வென்றது. உங்களுக்கு அந்த வழக்குச் செலவு கட்டுபடியாகாது.

தோட்டா அளவைப் பார்க்காமல் விலையைப் பார்ப்பது

மேலே சொன்ன தம்பி .243 குழலை மானுக்கு என்றுதான் வாங்கினார். சட்டகம் சரியாக இருந்திருந்தாலும் ஓஹாயோவில் அதைக் கொண்டு மான் சுட முடியாது. இங்கே 2014 முதல்தான் மானுக்கு ரைஃபிளே அனுமதிக்கப்பட்டது. அதுவும் கழுத்துக் குறுகாத, நேர்சுவர்த் தோட்டா மட்டும், விட்டம் .357 முதல் .50 அங்குலம் வரை. .357 மேக்னம், .44 மேக்னம், .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர், .45-70 எல்லாம் செல்லும். .243, .308, மான் வேட்டைக்கே பேர்போன .30-30 ஆகியவை செல்லாது. ஆகவே ஓஹாயோவில் ஒரு .243 ஒற்றைத் தோட்டா ரைஃபிள் மலிவாகக் கிடப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. விற்பவருக்குக் காரணம் தெரியும். பக்கத்து மாநிலத்தில் விதி வேறு. நீங்கள் வேட்டையாடப் போகும் மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.

பழைய .45-70-இல் புதிய தோட்டா

.45-70 என்று பொறித்த எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே பலம் கொண்டவை அல்ல. 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு டிராப்டோர் கரும்பொடி (பழைய கறுப்பு வெடிமருந்து) காலத்தது. சாதாரணக் கடைத் தோட்டா அதை மனத்தில் வைத்தே 28,000 பவுண்டு வரம்புக்குள் தயாரிக்கப்படுகிறது. ஆனால் வலுவான நவீன ரைஃபிள்களுக்கென்று அழுத்தம் கூட்டிய தோட்டாக்களும் அதே பெயரில், அதே நீளத்தில் விற்கப்படுகின்றன. அவை டிராப்டோரிலும் அழகாக உள்ளே போகும். பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. துப்பாக்கியோடு "இலவசமாக" வரும் அரைப் பெட்டித் தோட்டாவையும், வீட்டில் மருந்து நிரப்பியது என்றால், வாங்காதீர்கள்.

தோட்டாவே கிடைக்காத ரைஃபிள்

.310 காடெட் மார்டினி அழகானது. சுவரில் மாட்டலாம்.

விசா

ஹெச்-1பி போன்ற குடியேறா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. நம்மவர்களுக்குப் பொருந்தும் விதிவிலக்கு, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம். கடையில் 4473 படிவம் நிரப்பும்போது இதைக் கேட்பார்கள். தனிநபரிடம் வாங்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள்; அதனால் சட்டம் இல்லாமல் போய்விடாது. உரிமம் காலாவதியானபின் துப்பாக்கி அலமாரியில் இருப்பதே குற்றமாகலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சில டாலரை மிச்சம் பிடிக்கப் போய், கிரீன் கார்டு வரிசையில் நிற்பதைப் பணயம் வைக்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ருகர் நம்பர் 1 "குறி தவறுகிறது" என்றால்

ஒரே இடத்தில் மட்டும், குறை சொல்லி விற்கும் துப்பாக்கியையும் வாங்கலாம். ருகர் நம்பர் 1 மலிவாகக் கிடைப்பது அரிது. கிடைத்தால் "குண்டுகள் சிதறுகின்றன" என்று விற்பவரே சொல்லுவார். இதில் முன்கட்டை, சட்டகத்திலிருந்து நீளும் ஒரு தாங்கியில் திருகப்பட்டிருக்கும். அந்தக் கட்டை குழலை அழுத்தும் விதம் மாறினாலே குறி அலையும். குழலின் உட்புற வரிகளும் முனை விளிம்பும் கூர்மையாக இருந்து, அறையைப் பின்னால் அடைக்கும் பிளாக் இறுக்கமாக மேலேறினால், பேரம் பேசி வாங்குங்கள். முன்கட்டையைச் சரிசெய்ய முடியும்.

தொலைநோக்கி

கூடவே வரும் பழைய தொலைநோக்கியின் மதிப்பு பூஜ்யம். அப்படி வைத்தே விலை பேசுங்கள்.